மட்டை ஒட்டிய மூலை

"எனக்குச் சொல்லாதேங்கோ."

கிளிநொச்சியில் கொமினிக்கேசன் கடை நடத்திய அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது இந்தச் சொல்தான். சொல்லும்போது வலது கையும் கூடவே எழும்பும். வாகனத்தை மறிக்கிற மாதிரி உள்ளங்கையை எங்கள் முகத்துக்கு நேரே பிடிப்பார். அதற்குப் பிறகு எவருக்கும் கதையைத் தொடர மனம் வராது.

வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்க வருகிற சனம் சும்மாவா வரும்? கதையோடுதான் வரும். "அக்கா, என்ர மூத்தவன் சுவிஸில, அவனுக்கு அங்க ஒரு..." என்று தொடங்கினால் கை எழும்பிவிடும். "நம்பரை மட்டும் தாங்கோ." நம்பரை அழுத்திக் கொடுத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போய்விடுவார். அந்தக் கதிரை வீதியைப் பார்த்தபடி கிடக்கும். தொலைபேசிக் கூண்டுகளும் கணினிகளும் அவருடைய முதுகுக்குப் பின்னால். தன் கடைக்கே முதுகு காட்டிக்கொண்டு இருந்த கடைக்காரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தத் தொழிலில் இருந்த மற்றவர்கள் அப்படியில்லை. யாருடைய சம்பந்தம் குழம்பியது, எவன் பிரான்சுக்குப் போகிற வழியில் பிடிபட்டான் என்று அறிய வேண்டுமானால் கொமினிக்கேசன்காரரைக் கேட்டால் போதும். இவரிடம் ஒரு மண்ணும் கிடைக்காது. ஒருநாள் விசுவமடுவிலிருந்து வந்த ஒரு அம்மா, கடலில் போய்விட்டான் என்று நினைத்திருந்த மகனின் குரலைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டே கூண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். யாரையாவது கட்டிப்பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது அவருக்கு. "பிள்ளை, என்ர மகன் உயிரோட..." அக்கா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடியுங்கோ அம்மா. எனக்குச் சொல்லாதேங்கோ." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ என்ன மனுசி, நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லையா என்று அன்று முழுக்கத் திட்டினேன், மனதுக்குள்தான்.

முல்லைத்தீவுக் கரைப் பக்கத்துக்காரர், வேதக்காரர் என்பது கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையாலும் பேச்சாலும் தெரிந்தது. கலியாணம் கட்டினவரா, பிள்ளைகள் உண்டா, ஒன்றும் தெரியாது. கேட்டால், "அதைத் தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?" என்பார். எங்களையும் எதுவும் கேட்க மாட்டார், பெயரைக்கூட. நான் அவருக்கு "மூண்டாங் கதிரை". அவர் எல்லோருக்கும் "அக்கா". அவ்வளவுதான்.

மூண்டாங் கதிரை என்ற பெயர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கடையில் நான்கு கணினிகள். கூரையில் ஒரு பெரிய தட்டு, அதன் வழியாகத்தான் இன்ரநெற். ஊர்ந்து ஊர்ந்து வரும். சனத்துக்கு மின்னஞ்சல் பக்கத்தைத் திறப்பதே பெரும்பாடு. ஆங்கிலத்தில் முகவரி அடிக்க வேண்டும், ஒரு எழுத்துப் பிழைத்தால் வேறு எங்கேயோ போய் நிற்கும். அக்காவின் மச்சான் ஒருவர் வவுனியாவில் கணினி திருத்துகிறவர். கடைக்குக் கணினி பூட்டித் தந்தவரும் அவர்தான். அவர் ஒரு சின்னப் புரோகிராமை எழுதிக்கொண்டு வந்து நான்கிலும் போட்டார். திரையில் ஒரு தபால் பெட்டிப் படம் இருக்கும். அதைத் தட்டினால் தனி ஜன்னல் திறக்கும். உள்ளே இருப்பது உலகமெல்லாம் பாவிக்கிற அதே இலவச மின்னஞ்சல்தான், சுற்றிவர மட்டும் இவர் அடித்த சட்டம். மேலே தமிழில் மூன்று பொத்தான்கள்: கடிதம் பார்க்க, கடிதம் எழுத, வெளியே போக. ஒருமுறை அதில் நுழைந்தவரின் பெயரை அது ஞாபகம் வைத்திருந்து அடுத்தமுறை காட்டும்.

சனத்துக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. கூடவே ஒரு நம்பிக்கையும் பிடித்துக்கொண்டது. கடிதங்கள் அந்த மெசினுக்குள்ளேயே கிடக்கின்றன என்று. எந்த மெசினில் தன் பெயர் தெரிகிறதோ அதில்தான் தன் பெட்டி. "என்ர பெட்டி ரெண்டாவதில" என்று சொல்லி, மற்ற மூன்றும் சும்மா கிடக்க, இரண்டாவதில் இருக்கிறவர் எழும்பும் வரைக்கும் வாங்கில் காத்திருப்பார்கள். நான் தட்டெழுத்துப் படிப்பிக்கிறவள், கணினியும் ஓரளவு தெரியும். "அப்பிடி இல்லை ஐயா, கடிதம் இஞ்ச இல்லை, எந்த மெசினிலயும் திறக்கலாம்" என்று வாங்கிலிருந்த ஒருவருக்குச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப என்ர பேர் ஏன் பிள்ளை இதில மட்டும் கிடக்கு?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். நானும் பழக்கத்தில் மூன்றாவதிலேயே இருந்துவந்தேன்.

அக்காவுக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கவில்லை. அவர் கணினிக்கு முன்னால் இருந்ததை நான் கண்டதுமில்லை. "எனக்கு ஆர் எழுதப் போகினம்?" என்று ஒருமுறை சொன்னார்.

நான் அங்கே போய்வந்தது தங்கச்சிக்காக. வட்டக்கச்சியில் அம்மா, தங்கச்சி, நான். அண்ணன் கனடாவில். வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்குப் போயாக வேண்டும் என்று வந்துவிட்ட நேரம் அது. எனக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கால் கட்டை, அதனால் என்னை ஒருவரும் கேட்கவில்லை. மிச்சம் அவள்தான். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நாய் குரைத்தாலே அம்மா அவளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். அவளை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வன்னியை விட்டு வெளியேற இயக்கத்தின் பாஸ் வேண்டும். அந்த வயதுப் பிள்ளைக்குச் சும்மா கொடுக்க மாட்டார்கள். தங்கச்சிக்கு ஒரு கண்ணில் உண்மையாகவே பார்வைக் குறை இருந்தது. அதைக் காட்டி, வவுனியா ஆஸ்பத்திரிக்கென்று அம்மாவோடு பாஸ் எடுக்க வேண்டும். ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அண்ணன் ஒழுங்கு செய்த ஆள் வந்து அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போவார். அம்மா மட்டும் திரும்பி வருவார். இதுதான் திட்டம். தொலைபேசியில் கதைக்கப் பயம், கூண்டுக்குச் சுவர் பலகை. அதனால் மின்னஞ்சலில் எழுதினோம், தமிழை ஆங்கில எழுத்தில்.

அந்த நேரம் பார்த்து மச்சான் தன் புரோகிராமுக்குப் புதிதாக ஒரு வேலை பழக்கினார். கடிதம் வந்தால் மணி அடிக்கும். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு மஞ்சள் துண்டு எழும்பும். அதில் எழுதியவரின் பெயரும் கடிதத்தின் முதல் வரியும் இருக்கும். "இனிக் கடிதம் தானாக் கூப்பிடும்" என்று அவர் பெருமையாகச் சொன்னபோது நான் வாங்கில் இருந்தேன். அக்காவின் முகம் கறுத்துப்போனது.

"அது ஏன் பக்கத்தில இருக்கிற ஆக்களுக்கும் தெரியச் சொல்லுது?"

"பெட்டிக்காரருக்குத்தான் மச்சாள் சொல்லுது."

"எனக்கும் தெரியுதே. எனக்கு ஏன் அது? எடு."

"அடுத்தமுறை வரேக்க எடுத்து விடுறன்."

அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. சண்டை மூண்டு பாதையைப் பூட்டினார்கள், பிறகு நினைத்தால் திறந்தார்கள், நினைத்தால் பூட்டினார்கள். மச்சான் அந்தப் பக்கம் நின்றுவிட்டார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டி, நான்கு திரைகளின் மூலையிலும் ரேப்பால் ஒட்டிவிட்டார். திரையில் நேரம் காட்டுகிற மணிக்கூடும் அதற்குள் மறைந்துபோய்விட்டது. கேட்டவர்களுக்கு, "ஸ்கிரீன் அதில பழுது" என்றார். நாலும் ஒரே மூலையிலோ பழுது என்று ஒருவர் சிரித்தார். "ஓம், நாலும் ஒரே பெட்டியில வந்தது" என்றார் அக்கா, சிரிக்காமல்.

மாரி தொடங்கியிருந்தது. பாஸ் எங்களுக்குக் கிடைத்துவிட்டது. எந்த நாள் வெளிக்கிடுவது, வவுனியாவில் எவர் வந்து நிற்பார் என்ற கேள்வியை அண்ணனுக்கு எழுதிவிட்டு, ஜன்னலின் பெருக்கல் குறியைத் தட்டி மூடிவிட்டு எழும்பினேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் ஒதுங்கி நின்றேன்.

அப்போது பாஸ் அண்ணை வந்தார். பாஸ் கந்தோரில் இருக்கிற இயக்கக்காரர், எங்கள் பாஸில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். மிக மரியாதையாகக் கதைப்பார், அதனாலேயே எங்களுக்குக் கூடுதல் பயம். அவருக்கு ஜேர்மனியில் ஒரு தமக்கை. அவருடைய பெட்டி முதலாவது மெசினில். அதில் யாரோ ஒரு பெண் இருந்தார். பாஸ் அண்ணை அவரை எழுப்பவில்லை. தலையைத் துடைத்துக்கொண்டு, சும்மா கிடந்த மூன்றாவது கதிரையில் காத்திருக்க உட்கார்ந்தார். விரல் சும்மா இருக்கவில்லை. ஈரத்தில் இளகியிருந்த மட்டையின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

மணி அடித்தது.

மூடினேனே, எப்படி அடிக்கும்? பெருக்கல் குறியைத் தட்டினால் ஜன்னல் மறைகிறதே தவிர, அந்தப் புரோகிராம் உள்ளுக்குள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. வெளியே போக என்ற பொத்தானை எங்களில் ஒருவரும் தொடுவதில்லை. கதவைச் சாத்திய பிறகு அது எதற்கு என்று இருந்துவிடுவோம்.

பாஸ் அண்ணை மட்டையை உரித்தார். குனிந்து வாசித்தார், சத்தமாக.

"அண்ணன். தங்கச்சியின்ர அலுவல் சரி. வவுனியாவில..."

அதற்கு மேல் துண்டில் இடமில்லை. அது மெல்ல மறைந்துபோனது. அவர் திரும்பினார்.

"இது ஆற்ற கடிதம்?"

அந்தத் துண்டு மறைந்தாலும் பெட்டிப் படத்தை ஒருதரம் தட்டினால் போதும், கடிதம் முழுவதும் விரிந்துவிடும். முதலாவது மெசினில் இருந்த பெண் திரும்பிப் பார்க்கவே இல்லை. அக்கா தன் கதிரையைத் திருப்பினார். கடைப் பக்கம் முகம் வைத்து அவர் இருந்ததை அன்றுதான் கண்டேன். என்னை ஒருதரம் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

"என்ர" என்றார்.

"அக்கான்ரயோ? அக்கா மெசினில இருந்து நான் ஒருநாளும் காணேல்லையே."

"கடை பூட்டின பிறகு இருக்கிறனான்."

"என்ன அலுவல் தங்கச்சிக்கு?"

"சம்பந்தம் ஒண்டு பொருந்தியிருக்கு. மாப்பிள்ளை வவுனியாவில. அண்ணர் வெளியில இருந்து பாத்துச் செய்யிறார்."

"நல்ல விசயம்தானே. முகம் ஏன் இப்பிடி?"

"சரிவர முன்னம் வெளியில தெரிஞ்சால் கண்பட்டுப்போம் தம்பி. நீங்கள் என்னெண்டால் ஊருக்குக் கேட்க வாசிச்சுப்போட்டியள்."

பாஸ் அண்ணைக்கு உண்மையாகவே வெட்கமாகப் போய்விட்டது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா என்று சொல்லி, உரித்த மட்டையைத் தானே திரும்ப அழுத்தி ஒட்டினார். முதலாவது மெசினில் இருந்த பெண் எழும்பினார். பாஸ் அண்ணை போய்த் தன் பெட்டியின் முன்னால் இருந்தார். நான் மழைக்குள் இறங்கி நடந்தேன். எதற்கு நடக்கிறேன் என்றே தெரியாமல் டிப்போச் சந்தி வரை போய்விட்டேன்.

அடுத்த நாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். அண்ணனின் கடிதத்தை வாசித்தேன், நாள் குறித்திருந்தார். பிறகு வெளியே போக என்ற பொத்தானை அழுத்தி, என் பெயரையும் அந்த மெசினிலிருந்து துடைத்துவிட்டு, அக்காவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றேன். எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "அக்கா, நேற்று நீங்கள்..." கை எழும்பியது. "மூண்டாங் கதிரை, எனக்குச் சொல்லாதேங்கோ."

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வரும், நெஞ்சும் பதறும். ஒன்றையும் அறிய விரும்பாத மனுசி ஒரு முழுக் கலியாணத்தையே பொய்யாகக் கட்டவேண்டி வந்தது. பாஸ் அண்ணை வரும்போதெல்லாம் விசாரிப்பார். மாப்பிள்ளை என்ன வேலை? கடை வைத்திருக்கிறார். அடுத்தமுறை கேட்டபோது வாத்தியார் என்றார் அக்கா. "முந்திக் கடை எண்டியள்?" "தகப்பன்ர கடை. பின்னேரத்தில நிக்கிறவர்." சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் என்று எனக்குத் தெரிந்தது. பாஸ் அண்ணைக்கும் தெரிந்திருக்கும் என்று பயந்து பயந்து செத்தேன்.

குறித்த நாளில் அம்மாவும் தங்கச்சியும் வெளிக்கிட்டார்கள். தங்கச்சி ஒரு பையோடு மட்டும் போனாள். பாஸில் எழுதியிருந்த தவணை முடிகிற நேரம் அம்மா தனியே திரும்பி வந்தார். "வவுனியாவில செய்ய ஏலாதாம், கொழும்புக்கு அனுப்பிப்போட்டினம்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கொஞ்ச நாள் அது எடுபட்டது. பிறகு ஒரு காலை பாஸ் அண்ணையே வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார், தேத்தண்ணி குடித்தார். அம்மா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். எழும்பும்போது என்னைப் பார்த்தார்.

"தங்கச்சியார் வவுனியாவில" என்று மெல்லச் சொன்னார். "நீங்கள் அந்தக் கொமினிக்கேசனுக்குப் போறனீங்கள் என்ன?"

"இடைக்கிடை" என்றேன்.

அவர் போன கையோடு நான் மினிபஸ் பிடித்தேன். அம்மாவுக்கும் எனக்கும் என்ன வந்தாலும் வரட்டும், தங்கச்சி தப்பிவிட்டாள். ஆனால் இந்த மனுசி? எங்களுக்காக ஒரு பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மனுசியிடம் போய், உன் பெட்டியைத் திறந்து காட்டு என்றால் எதைக் காட்டுவார்? அவருக்குப் பெட்டியே இல்லையே.

கடைக்குள் ஒருவரும் இல்லை. "அக்கா, அவர் எங்கட வீட்டை வந்தவர்..." என்று தொடங்கினேன். கை எழும்பியது. ஆனால் இந்தமுறை அவர் என் முகத்தைப் படித்துவிட்டார். பின்பக்கம் போனார். கிணற்றடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். மூன்றாவது மெசினின் வயர்களைப் பிடுங்கினார்.

"அக்கா, அதுக்க ஒண்டும்..."

"சொல்லாதேங்கோ எண்டனான்."

"இல்லை அக்கா, கடிதம் அதுக்க..."

"தள்ளி நில்லுங்கோ பிள்ளை."

ஊற்றினார். முழு வாளியையும். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்து, ஒழுகுகிற இடத்துக்கு நேரே மேசையை இழுத்து வைத்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த மெசினில் என்னுடையது ஒரு எழுத்துக்கூட இல்லை. அதைச் சொல்ல விட்டால்தானே? வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, செத்த ரிசீவரைக் காதில் வைத்தேன். பலகைச் சுவரால் எல்லாம் கேட்டது.

"அக்கா, உங்கட பெட்டியை ஒருக்காத் திறந்து காட்டுங்கோ."

"பெட்டி இருந்தால் காட்டலாம் தம்பி. ஒழுக்கு விழுந்து மெசின் செத்துப்போச்சு."

அவர் மெசினைச் சரித்திருக்க வேண்டும், தண்ணீர் சீமெந்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"கடிதம் முழுக்கவோ?"

"முழுக்க."

"வேற எங்கயும் இல்லையோ?"

"வேற எங்க தம்பி இருக்கும்?"

மற்ற மூன்று மெசின்களும் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தன. எதிலும் திறக்கலாமே அக்கா, பெயரைச் சொல்லுங்கோ என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் முடிந்தது. காலடிச் சத்தம் முதலாவது மெசினுக்குப் போனது.

"இதுக்கு மேலயும் ஒழுகுமோ?" பாஸ் அண்ணையின் குரல் மாறியிருந்தது. "எங்கட அக்கா எழுதினது எல்லாம் இதுக்கதான் கிடக்கு. அவ போன மாசம் மோசம் போயிட்டா, இனி எழுத மாட்டா."

"அதுக்கு மேல தகரம் புதுசு. நனையாது. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அக்கா.

பாஸ் அண்ணை மூன்றாவது மெசினைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். காலையில் போனவர் பொழுதுபட வந்தார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவைத் தண்டனையாகச் சில கிழமைகள் பங்கர் வெட்டக் கொண்டுபோனார்கள். அதற்குள் சண்டை கிட்ட வந்துவிட்டது. கூரையிலிருந்த தட்டை இயக்கம் கழற்றிக்கொண்டு போனது, கடை பூட்டிக் கிடந்தது. பிறகு கிளிநொச்சியே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது.

அவரைக் கடைசியாகக் கண்டது விசுவமடுவில், தறப்பாள் கொட்டில்களுக்கு நடுவில். தண்ணி வரிசையில் என்னைக் கண்டு அவராகவே வந்தார். மெலிந்து கறுத்துப் போயிருந்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"உங்களிட்ட மன்னிப்புக் கேக்க வேணும் பிள்ளை. கன நாளா மனசுக்க கிடக்கு. உங்கட அண்ணர் எழுதினது எல்லாத்தையும் நான்தானே தண்ணி ஊத்தி அழிச்சனான். அந்தத் தம்பி தமக்கையின்ர கடிதத்தைப் பற்றிச் சொல்லேக்க எனக்கு நெஞ்சு வெடிச்சது. அதுக்கதானே உங்கட தங்கச்சியின்ர படமும் கிடந்திருக்கும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைக்காரியும் அதைத்தான் நம்பியிருந்தார். நான் வாயைத் திறக்க அவருடைய கை எழும்பியது. இந்தமுறை அந்தக் கையைப் பிடித்து இறக்கி, விடாமல் வைத்துக்கொண்டு சொன்னேன். கடிதம் ஒன்றும் அழியவில்லை. ஒருநாளும் அந்த மெசினுக்குள் அவை இருந்ததில்லை. உலகத்தில் எங்கேயிருந்தும் திறக்கலாம். தங்கச்சி கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவளும் அவற்றைத் திறந்து பார்க்கிறாள்.

அக்கா என்னையே பார்த்தார்.

"அப்ப அண்டைக்கு அந்தத் தம்பி மற்ற மெசினில பாக்கக் கேட்டிருக்கலாமோ?"

"ஓம் அக்கா."

"நான் காட்டத்தான் வேண்டி வந்திருக்குமோ?"

"ஓம்."

அவர் அப்படியே மணலில் குந்திவிட்டார். "எல்லாம் செத்துப்போச்சு, இனி ஆர் என்ன செய்யிறது எண்டுதான் நான் அவரோட அவ்வளவு துணிவாக் கதைச்சனான். பிறகு அங்க போயும் அதையேதான் சொன்னனான். மாதாவே." கோபமாகவே சொன்னார்: "இதை நீங்கள் சொல்லாமல் விட்டிருக்கலாம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். தங்கச்சி என்ன படிக்கிறாள்? அங்கே குளிராமே, தாங்குகிறாளா? கண்ணைக் காட்டினாளா? சோறு கிடைக்குமா? அண்ணரோடு ஒத்துப்போகிறாளா? ஒன்றுக்கு மறுமொழி சொல்ல முதல் அடுத்தது. இத்தனை கேள்விகளையும் இந்த மனுசி எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு அழுகை வந்தது. எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன். கிட்டத்தில் செல்குண்டு விழத் தொடங்கியது. தண்ணி வரிசை கலைந்தது. யாரோ உழவு இயந்திரத்திலிருந்து "அக்கா, ஏறுங்கோ" என்று கத்தினார்கள். எழும்பி ஓடினார்.

சண்டையெல்லாம் முடிந்து நாங்கள் அகதி முகாமுக்குள் வந்த பிறகு, தவறிப்போனவர்களை விசாரிக்கிற கொட்டிலுக்குப் போனேன். பேனையோடு ஒரு பெரியவர் இருந்தார்.

"ஆரைத் தேடுறியள்?"

"ஒரு அக்கா. கிளிநொச்சியில கொமினிக்கேசன் வச்சிருந்தவ."

"பேர்?"

"தெரியாது ஐயா."

"தகப்பன்ர பேர்? புருசன்ர பேர்?"

"தெரியாது."

"ஊரெண்டாலும்?"

"முல்லைத்தீவுக் கரைப்பக்கம்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. "பேர் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை கூப்பிடுறது?" என்று கேட்டுவிட்டு ஒலிபெருக்கியைக் காட்டினார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் விலகி, அந்தக் கொட்டிலின் ஓரத்திலேயே நின்றேன். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். பின்னேரம் வரைக்கும் நின்று கேட்டேன். அதில் ஒன்று அவருடையதாக இருந்திருக்கலாம்.